இதயக் கோயிலின் வாயிற்கதவு

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் ரயிலில், ஆவடியைத் தாண்டியபின் வருவது திருநின்றவூர். திங்கட்கிழமைதோறும் காலையில் அந்த நிலையத்தில் ஒரு பெரியவர் இறங்குகிறார். நெற்றியில் திருநீறு, தோளில் துணிப்பை. பைக்குள் வில்வமும், திருமுறைப் புத்தகமும், ஒரு சிறிய குறிப்பேடும், மாத்திரை உறையும் இருக்கும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது 65. அவசரமின்றி நடந்து அருள்மிகு இருதயாலீசுவரர் சந்நிதியை அடைகிறார். உடன் வரும் மனைவியார், அதே ஊரில் எழுந்தருளியிருக்கும் பக்தவத்சலப் பெருமாளையும் என்னைப் பெற்ற தாயாரையும் சேவித்துவிட்டு வந்து அவருடன் சேர்ந்துகொள்கிறார்.

பூசலார் நாயனாரின் வரலாற்றை அறியாத அன்பர் இரார். சிவனுக்குக் கற்கோயில் எழுப்ப ஆசை கொண்டு, பொருள் தேடி அலைந்து, ஒன்றும் கிட்டாமல் போகவே, மனத்துள்ளேயே நிதியும் கருவிகளும் தச்சரும் சேர்த்துக் கடைகால் எடுத்து, சிகரம் வைத்து, கிணறும் மதிலும் குளமும் அமைத்துக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தவர் அவர். அதே நாளில் காஞ்சியில் தான் எடுத்த கற்றளிக்கு நாள் குறித்திருந்த காடவர்கோனின் கனவில் இறைவன் தோன்றி, "நின்றவூர்ப் பூசலின் ஆலயத்தில் நாளை யாம் புகுகிறோம், உன் விழாவை ஒத்திவை" என்று பணித்ததைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் பாடுகிறார். மன்னன் தேடிவந்து கேட்டபோது ஊரில் அப்படியொரு கோயிலே இல்லை. இருந்தது அன்பரின் நெஞ்சுக்குள். அந்த இறைவனே இன்று இருதயாலீசுவரர் என்னும் பெயருடன் விளங்குகிறார். இதய நோயுற்றோர் இங்கு வந்து வேண்டுவது அதனால் வந்த வழக்கம்.

தலைமையாசிரியர் இங்கு வரத் தொடங்கியதற்கும் அதுவே காரணம். ஆனால் தொடங்கியபோது அவர் ஒரு பிழை செய்தார். அதை அவரே இப்போது வருவோர் போவோரிடம் மறைக்காமல் சொல்கிறார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு பௌர்ணமியன்று அவர் திருவண்ணாமலையில் கிரிவலம் சென்றார். இருபது ஆண்டுகளாகச் செல்லும் வழி. 14 கிலோமீட்டர் தூரத்தையும் எங்கும் அமராமல் நடந்து முடிப்பது அவருடைய வழக்கம். அன்று இந்திரலிங்கத்தைக் கடந்து அக்னிலிங்கத்தை அடைவதற்குள் மூச்சு இரைத்தது. எமலிங்கத்தின் அருகே மார்பில் கல்லை ஏற்றியதுபோல் ஒரு பாரம். ஓரமாக அமர்ந்தார். கால் மணி நேரத்தில் தெளிந்தது. "வயதாகிறது" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு எழுந்து நடந்தார். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பின் ஒவ்வொன்றாகக் குறைந்தது. பிரதோஷக் குழுவில் தேவாரம் பாடும்போது ஒரே மூச்சில் பாடிய வரிக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. மாடிப்படியில் பாதியில் நின்றார். இரவில் தலையணையை இரண்டாக்கினார். இவையெல்லாம் ஆண்டவன் வைக்கும் சோதனை என்று கருதித் திருநின்றவூருக்கு வரத் தொடங்கினார். மருத்துவரிடம் போவது நம்பிக்கைக் குறைவு என்று அவர் எண்ணியதில்லை. ஆயினும் சந்நிதிக்குப் போவதையே காரணமாகக் கொண்டு மருத்துவமனைக்குப் போவதை எட்டு மாதம் தள்ளிப்போட்டார். கேட்கப் பயந்த பதிலைத் தவிர்க்க அது வசதியாக இருந்தது.

ஒரு சனிப் பிரதோஷத்தன்று பிராகாரம் சுற்றி வந்து கொடிமரத்தின் அருகே நின்றவர் அப்படியே சரிந்தார். சில நொடிகள்தாம், யாரோ தண்ணீர் தெளிக்க, விழித்துக்கொண்டார். மனைவியார் அழவில்லை. "இனி ஒரு நாளும் தள்ளப்போவதில்லை. திங்கட்கிழமை கோயிலுக்கு அல்ல, டாக்டரிடம் போகிறோம்" என்றார். நாற்பது ஆண்டு இல்லறத்தில் அந்த அம்மையார் இவ்வாறு ஆணையிட்டுப் பேசியது அதுவே முதல் முறை.

மருத்துவர் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவுடனே முகம் மாறினார். பிறகு கழுத்தின் பக்கமும் வைத்துக் கேட்டார். எக்கோ பரிசோதனை முடிந்ததும் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார்.

இதயத்தின் இடக்கீழறையிலிருந்து உடல் முழுமைக்கும் ரத்தம் புறப்படும் வழி மகாதமனி. அந்த வாயிலில் மூன்று இதழ்களைக் கொண்ட ஒரு கதவு உண்டு. அதற்கு மகாதமனி வால்வு என்று பெயர். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை திறந்து மூடுகிறது. சிலருக்கு முதுமையில் அந்த இதழ்களின்மேல் சுண்ணாம்புச் சத்து படிந்து, துருப்பிடித்த கீல்போல் இறுகிவிடுகிறது. திறந்த நிலையில் 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் இருக்கவேண்டிய வாயில் இவருக்கு 0.7 ஆகச் சுருங்கியிருந்தது. ஒன்றுக்குக் கீழே போனாலே கடுமையான சுருக்கம். அந்த இடுக்கின் வழியே ரத்தத்தைத் தள்ளித் தள்ளி, இதயத் தசை 16 மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்திருந்தது. இயல்பாக ஒரு சென்டிமீட்டர் அளவே இருக்கவேண்டும். தடித்தும் பயனின்றி இப்போது அது களைத்துவிட்டது. ஒவ்வொரு துடிப்பிலும் கீழறையில் உள்ள ரத்தத்தில் 55 விழுக்காட்டுக்கு மேல் வெளியேற வேண்டும். இவருக்கு 38 விழுக்காடே வெளியேறியது.

"மாத்திரையில் சரியாகாதா?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

"ஐயா, கதவே இறுகிவிட்டது. மாத்திரை நீரை வடிக்கும், அழுத்தத்தைக் குறைக்கும், கதவைத் திறக்காது. வால்வை மாற்றுவது ஒன்றே வழி."

அடுத்த கேள்வியைக் கேட்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. "மாற்றாவிட்டால் எத்தனை நாள்?"

மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. இந்த நோய் பல ஆண்டுகள் அறிகுறியே இல்லாமல் வளரும். அறிகுறி தோன்றியபின் காலம் விரைந்து ஓடும். மார்புவலி தோன்றியவர்களுக்குச் சராசரியாக 5 ஆண்டு, மயக்கம் வந்தவர்களுக்கு 3, இதயம் களைத்து மூச்சிரைப்பு வந்தவர்களுக்கு 2 என்று 1968-ஆம் ஆண்டிலேயே கணித்து வைத்திருக்கிறார்கள். மூன்றும் வந்துவிட்டவரிடம் இதைச் சொல்வது எளிதன்று. சொன்னபின் அவர் சேர்த்துச் சொன்னது: "மாற்றினால் கணக்கே வேறு. உங்கள் வயதொத்த மற்றவர்களின் ஆயுளுக்கு ஏறத்தாழ அருகில் வந்துவிடலாம்."

அது வெறும் ஆறுதல் மொழியன்று. ஸ்வீடன் நாட்டில் வால்வு மாற்று அறுவை செய்துகொண்ட 20,000-க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, அதே வயதுடைய பொதுமக்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ 2 ஆண்டு ஆயுளே அவர்களுக்குக் குறைந்திருந்தது. எண்பதைக் கடந்து அறுவை செய்துகொண்டவர்களுக்கு அந்த வேறுபாடு அரை ஆண்டுக்கும் குறைவு. இளவயதில் செய்துகொண்டவர்களுக்கே இழப்பு அதிகம்.

அடுத்து வந்தது எந்த வால்வு என்னும் கேள்வி. 1960-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டுவைட் ஹார்கன் என்னும் அறுவை மருத்துவர் மகாதமனி வாயிலிலேயே செயற்கை வால்வைப் பொருத்திக் காட்டியதிலிருந்து இத்துறை வளர்ந்துவந்திருக்கிறது. நம் நாட்டிலும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தானும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் முயன்று, தோல்விகளைக் கண்டு, சித்ரா வால்வை உருவாக்கினர். 1990-இல் அது முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. பிற்காலத்தில் சரகரையும் சுசுருதரையும் ஆராய்ந்து நூல்கள் எழுதியவரும் அவரே.

இன்றைக்கு வால்வு இரு வகை. ஒன்று உலோகம், கரிமம் போன்றவற்றால் ஆன இயந்திர வால்வு. அது தேயாது, ஆனால் அதன்மேல் ரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுதும் வார்ஃபரின் மாத்திரை உட்கொள்ள வேண்டும். மற்றொன்று திசு வால்வு. அதற்கு அந்த மாத்திரை ஆயுள் முழுதும் தேவையில்லை. ஆனால் 10, 15 ஆண்டுகளில் தேய்ந்துபோகலாம். பொதுவாக இளையவர்க்கு முதலாவதும், 65-ஐக் கடந்தவர்க்கு இரண்டாவதும் ஏற்றவை. 63 வயதில் இரண்டுக்கும் இடம் உண்டு என்று மருத்துவர் முடிவை அவரிடமே விட்டார்.

திசு வால்வு எதனால் ஆனது என்று கேட்டபோதுதான் அவர் திகைத்தார். பன்றியின் வால்விலிருந்தோ, பசு, எருது இனத்தின் இதய உறையிலிருந்தோ செய்யப்படுவது அது. பரம்பரையாகச் சைவ உணவு உண்பவர். வெள்ளிக்கிழமைதோறும் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுப்பவர். "அதை நெஞ்சிலே வைத்துக்கொண்டு எப்படிச் சந்நிதியில் நிற்பேன்?" என்று மனைவியாரிடம் கலங்கினார். அன்றிரவு இருவரும் உறங்கவில்லை.

மறுநாள் தம் ஊர்க் கோயிலின் முதிய ஓதுவாரிடம் போய் மனத்தைத் திறந்தார். ஓதுவார் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "வாத்தியாரய்யா, சுவாமிக்குச் சாத்தும் புனுகு எங்கிருந்து வருகிறது? கஸ்தூரி எங்கிருந்து வருகிறது? கோரோசனை பசுவின் உடலுக்குள் விளைவதுதானே? அபிஷேகத்துக்கு எடுக்கும் சங்கு ஓர் உயிரின் கூடுதானே? அவரே ஏற்றுக்கொள்கிறார். உயிர் காக்கும் மருந்தாக ஒன்று உங்கள் உடம்புக்குள் வந்தால் அவர் முகம் திருப்பிக்கொள்வாரா? உங்களுக்கு எது நல்லது என்று டாக்டர் சொல்கிறாரோ அதைப் பாருங்கள். கண்ணப்பரை ஏற்றவருக்கு முன்னால் நாம் ஆசாரக் கணக்குப் பார்க்கவேண்டாம்" என்றார்.

இந்தச் சொல் அவரை விடுவித்தது. விடுபட்ட பிறகு அவர் தேர்ந்தது இயந்திர வால்வையே. அருவருப்பினால் அன்று. எண்பதை நெருங்கும் வயதில் இன்னொரு முறை வால்வு மாற்றும் நிலை வரவேண்டாம் என்று எண்ணினார். நாள் தவறாமல் மாத்திரை உண்பதும், தேதி தவறாமல் ரத்தம் சோதிப்பதும் முப்பத்தைந்து ஆண்டு பள்ளி மணி அடித்தவருக்குக் கடினமல்ல என்றும் நினைத்தார். அவர் நிலையில் இன்னொருவர் திசு வால்வைத் தேர்ந்திருந்தால் அதுவும் சரியே.

அறுவைக்கு முன் ரத்தக் குழாய்களில் அடைப்பு உண்டா என்று ஆஞ்சியோகிராம் செய்தார்கள், இல்லை. பல் மருத்துவரிடம் அனுப்பி இரண்டு சொத்தைப் பற்களை அகற்றினார்கள். இதற்கு ஏன் பல் என்று மனைவியார் வியந்தார். வாயிலுள்ள கிருமி ரத்தத்தில் கலந்து புதிய வால்வில் குடியேறினால் உயிருக்கே ஆபத்து. செயற்கை வால்வு உள்ளவர்கள் பின்னாளில் பல் பிடுங்கும்போதும் முன்னதாகவே கிருமிக்கொல்லி மருந்து உட்கொள்ள வேண்டும்.

அறுவை ஏறத்தாழ நான்கு மணி நேரம் நடந்தது. இதயத்தை நிறுத்தி, அதன் பணியை இயந்திரம் ஒன்றிடம் ஒப்படைத்து, சுண்ணாம்பாய் இறுகிய இதழ்களை வெட்டியெடுத்து, அங்கே கரிமத்தாலான இரு இதழ்க் கதவைத் தைத்தார்கள். பிறகு இதயம் மீண்டும் துடித்தது. வெளியே இருக்கையில் அமர்ந்திருந்த அம்மையார், மடியில் திருநீற்றுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பாராமல் கண்ணை மூடியே இருந்தார்.

மறுநாள் மூச்சுக் குழாயை எடுத்தார்கள். அதன்பின் அவருக்கு அளித்த முதல் வேலை, மூன்று பந்துகள் கொண்ட சிறிய கருவியில் மூச்சை உள்ளிழுத்துப் பந்துகளை மேலே நிறுத்துவது. முதல் நாள் ஒரு பந்துகூட அசையவில்லை. அவர் ஒரு வழி கண்டார். மூச்சை இழுத்து, பந்து மேலே நிற்கும் நேரத்தில் மனத்துக்குள் ஐந்தெழுத்தை ஓதினார். முதலில் இரண்டு எழுத்து வரை நின்றது. ஐந்தாம் நாள் ஐந்தும் நின்றன. இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பிளந்து கம்பியால் பிணைத்த மார்பெலும்பு கூடும்வரை அதுவே காப்பு. மூன்று மாதம் கனமான பொருள் தூக்கவோ, கைகளை ஊன்றி எழவோ கூடாது. சாஷ்டாங்க நமஸ்காரமும் கூடாது. வீடு திரும்பும் வழியில் கோபுரத்தைக் கண்டபோது அவர் நின்றபடியே கை குவித்தார்.

அறுவை முடிந்த ஒரு வாரத்தில் எடுத்த எக்கோவைக் கண்டு அவர் சோர்ந்தார். இதயம் வெளியேற்றும் அளவு 38-லிருந்து 40-க்கு மட்டுமே வந்திருந்தது. இவ்வளவு துன்பப்பட்டது இதற்காகவா என்று கேட்டார். மருத்துவர் சிரித்தார். "பல ஆண்டுகள் மூட்டை சுமந்தவன் தலையிலிருந்து நேற்றுத்தான் இறக்கியிருக்கிறோம். இன்றே நிமிர்ந்து ஓடச் சொன்னால் எப்படி? கொஞ்சம் பொறுங்கள்."

பொறுத்தார். மூன்றாம் மாதம் 46. ஓராண்டு முடிவில் 55. தடித்திருந்த தசை 16 மில்லிமீட்டரிலிருந்து 12-க்கு மெலிந்திருந்தது. வாயில் திறந்தவுடன் தள்ளவேண்டிய பாரம் குறைகிறது. பாரம் குறைந்த தசை மாதங்கள், ஆண்டுகள் கணக்கில் மெல்லத் தன் பழைய உருவத்தை நோக்கித் திரும்புகிறது. ஆனால் எல்லோருக்கும் இப்படி நேர்வதில்லை. மிகவும் காலம் கடத்திவிட்டால் தசைக்குள் தழும்பு விழுந்துவிடும்; வால்வை மாற்றினாலும் அந்தத் தழும்பு மறையாது. "இன்னும் ஓராண்டு தள்ளியிருந்தால் இந்த 55-ஐப் பார்த்திருக்க முடியுமா என்று சொல்ல இயலாது" என்றார் மருத்துவர். தாம் வீணாக்கிய எட்டு மாதத்தை அவர் அப்போது நினைத்துக்கொண்டார்.

இடையில் ஒரு தடுமாற்றமும் நேர்ந்தது. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி. மனைவியாருடன் தாமும் முழு உபவாசம் இருந்தார். துவாதசியன்று பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். கீரையை விரும்பி அதிகமாகவே உண்டார். அந்த வாரமே மூட்டுவலிக்கு நல்லதென்று அண்டை வீட்டார் தந்த முருங்கைக்கீரைச் சாறும் நாள்தோறும் குடித்தார். அடுத்த சோதனையில், 2-க்கும் 3-க்கும் இடையே இருக்கவேண்டிய ஐ.என்.ஆர். என்னும் ரத்த உறைவு அளவு 1.5-க்கு இறங்கியிருந்தது. ரத்தம் கெட்டியாகி வால்வின்மேல் உறையக்கூடிய நிலை.

கீரைகளில் உள்ள கே வைட்டமின் வார்ஃபரினின் வேலையைத் தடுக்கிறது. மருத்துவர் கீரையை விலக்கச் சொல்லவில்லை. "உண்ணுங்கள், ஆனால் வாரந்தோறும் ஒரே அளவாக உண்ணுங்கள். ஒரு வாரம் ஒன்றுமில்லாமல், மறுவாரம் கட்டுக் கட்டாக வேண்டாம். வலி மாத்திரையோ, நாட்டு மருந்தோ எதுவானாலும் என்னைக் கேட்காமல் வேண்டாம்" என்றார். அன்றுமுதல் அம்மையார் ஏகாதசியன்று தாம் மட்டுமே உபவாசம் இருக்கிறார். கணவருக்குப் பலகாரம் உண்டு. துவாதசிக் கீரை ஒரு கரண்டி. "விரதத்தை விட்டுவிட்டேனே" என்று அவர் வருந்தியபோது, "நாள் தவறாமல் மாத்திரை போடுகிறீர்களே, அதுவும் விரதம்தான்" என்றார் அம்மையார். பையிலுள்ள குறிப்பேடு அந்த விரதத்தின் கணக்கு. ஒவ்வொரு சோதனையின் தேதியும் அளவும் ஆசிரியர்க்குரிய அழகிய கையெழுத்தில் அதில் வரிசையாக இருக்கின்றன.

புதிய கதவுக்கு ஓர் ஓசையும் உண்டு. மூடும்போதெல்லாம் கைக்கடிகாரம்போல் மெல்ல "டிக்" என்கிறது. வீடு திரும்பிய முதல் பத்து இரவுகள் அந்த ஓசை அவரை உறங்கவிடவில்லை. அடுத்த துடிப்பு வருமா என்று காத்திருந்தே விடிந்தது. ஒருநாள் இருட்டில் அம்மையார், "அந்தச் சத்தம் எனக்கும் கேட்கிறது. கேட்டுக்கொண்டே இருந்தால் நிம்மதியாகத் தூக்கம் வருகிறது" என்றார். அதன்பின் அவருக்கும் தூக்கம் வந்தது.

இருதயாலீசுவரர் சந்நிதியில் அலங்காரத்துக்காகத் திரை போடும்போது சற்று நேரம் அமைதி நிலவும். அப்போது அந்த ஓசை அவருக்குத் தெளிவாகக் கேட்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் எழுத்தாக ஐந்தெழுத்தைச் சேர்த்துக்கொண்டு நிற்பார். திரை விலகித் தீபாராதனை காட்டியதும் பதிகம் பாடுவார். வரியை இப்போது ஒரே மூச்சில் பாட முடிகிறது.

சில வாரங்களுக்கு முன், எண்பதை நெருங்கிய ஒருவர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே வந்தார். கையில் எக்கோ அறிக்கை; அதே மகாதமனிச் சுருக்கம். இந்த வயதில் நெஞ்சைப் பிளக்கச் சம்மதமில்லை, இறைவன் விட்ட வழி என்று இங்கே வந்ததாகச் சொன்னார். தலைமையாசிரியர் அவரைத் தூணருகே அமரவைத்து, நெஞ்சைத் திறக்காமலே தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழல் செலுத்தி வால்வு பொருத்தும் முறை இருப்பதைச் சொன்னார். 2002-இல் பிரான்ஸ் நாட்டின் ருவான் நகரில் அலன் கிரிபியே என்னும் மருத்துவர் முதன்முதலாகச் செய்தது. முதியோர்க்குப் பெரிதும் உதவுவது. நம் நாட்டுப் பெரிய மருத்துவமனைகளிலும் நடைபெறுகிறது. தமக்கு அது ஏற்றதா என்பதை மருத்துவரே சொல்லவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். தம் எட்டு மாதக் கதையையும் மறைக்கவில்லை.

"அப்படியானால் வேண்டிக்கொள்ள வேண்டாமா?" என்று கேட்டார் வந்தவர்.

"வேண்டிக்கொள்ளுங்கள் ஐயா. தரிசனம் முடிந்ததும் டாக்டரிடம் நாள் வாங்கிவிடுங்கள். நலமானபின் திரும்பவும் வாருங்கள். சுவாமி இங்கேதான் இருப்பார்."

மகன் அங்கேயே தொலைபேசியை எடுத்தார். திரை விலகியது. மூவரும் எழுந்து கை குவித்தனர்.